32 கிழமையில பிறந்த பிள்ளைக்கு சிஆர்பி கூடவாம், என்னாலதானா?

சுன்னாகம் அம்மா:
போன திங்கள் மகள் பிறந்தவ, 32 கிழமை, 1.6 கிலோ. நோ இல்லை காச்சல் இல்லை, இரவு திடீரெண்டு பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது. இப்ப பிபியூவில (குறைமாசப் பிள்ளையள் வாட்டில) வச்சிருக்கினம், ரத்தத்தில அழற்சியைக் காட்டுற சிஆர்பி கூட எண்டு அன்ரிபயோட்டிக் ஏத்தினம், ஆனா பிளட் கல்ச்சர்ல கிருமி ஒண்டும் வளரேல்லையாம். கிருமி இல்லாட்டி ஏன் மருந்து? டொக்டர் சொல்லேக்க அழுதுகொண்டு நிண்டதில எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ரெண்டு மாசத்துக்கு முன்னம் சலம் எரிஞ்சு மருந்து தந்தவை, எரிவு நிண்டவுடன மூண்டு நாளில நிப்பாட்டிப்போட்டன். மாமி அன்னாசி திண்டதாலதான் எண்டுறா. நித்திரையே இல்லை.

கோப்பாய் நேர்ஸ்:
தங்கச்சி, முதல்ல அன்னாசிக் கதையை விடுங்கோ, அதால பன்னீர்க்குடம் உடையாது.

கிருமி கீழ இருந்து மெல்ல மேல ஏறி பிள்ளையைச் சுத்தியிருக்கிற சவ்வுக்குப் போனா அங்க அழற்சி வரும், அந்த அழற்சியில வாற சாமான்கள்தான் கருப்பை வாயை இளக்கி, சவ்வைப் பலவீனமாக்கி தண்ணியை உடைக்கிறது. கனபேருக்கு காச்சலே வராது, அதால தாய்க்குத் தெரியவும் வராது. சூல்வித்தகத்தை (நச்சுக்கொடியை) சோதிக்க அனுப்பினவையோ எண்டு கேளுங்கோ, அதிலதான் பிறகு தெரியும்.

கிருமி பிள்ளையின்ர ரத்தத்துக்குள்ள போகாட்டிலும் அந்தத் தண்ணியை விழுங்கி, சுவாசிச்சு இருந்ததில பிள்ளையின்ர உடம்பே எதிர்த்து நிக்கத் தொடங்கும். சிஆர்பி அதைத்தான் காட்டுது. இவ்வளவு சின்னப் பிள்ளையிட்ட எடுக்கிற ரத்தமும் கொஞ்சம், கிருமி அகப்படாமலும் போகலாம், அதாலதான் மருந்து. கஷ்டப்பட்டுப் பிறந்தாலும் சிஆர்பி கூடும், ஒரு ரிப்போட்டை வச்சு முடிவெடுக்கமாட்டினம், திரும்ப எடுத்து இறங்குதோ எண்டு பாப்பினம். நாளைக்கு "இறங்குதா?" எண்டு மட்டும் கேளுங்கோ.

மருந்தை நிப்பாட்டினதாலதான் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. ஆனா அடுத்தமுறை முழுகாம இருக்கேக்க சலத்தில கிருமி எண்டா தந்த நாள் முழுக்கக் குடிச்சு, பிறகு திரும்ப கல்ச்சர் குடுக்கவேணும். 100 கர்ப்பிணியில 2 தொடக்கம் 10 பேருக்கு எரிவே இல்லாமல் சலத்தில கிருமி இருக்கும், மருந்தெடுக்காம விட்டா சிலருக்கு கிட்னி வரைக்கும் ஏறும். அதுக்குத்தான் கிளினிக்கில சலம் கேக்கிறது.

சாவகச்சேரி அக்கா:
என்ர மகன் 30 கிழமை, இப்ப பள்ளிக்கூடம் போறான். எனக்கும் தண்ணி உடைஞ்சதுதான், சுவாசப்பைக்கு எண்டு எனக்கு ஊசி ரெண்டு போட்டவை, உங்களுக்கும் போட்டவையோ? பால் மட்டும் விட்டிடாதேங்கோ பிள்ளை, மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கறவுங்கோ, ஒரு சொட்டெண்டாலும் குடுங்கோ, குறைமாசப் பிள்ளையின்ர குடலுக்கு தாய்ப்பால்தான் காவல், மாப்பால் குடிக்கிறதுகளுக்குத்தான் குடல் அழற்சி கூட வாறது. வாட்டில விட்டினமெண்டா பிள்ளையை நெஞ்சோட அணைச்சு வச்சிருங்கோ. வீட்டை வந்தாப் பிறகும் கண், தலை ஸ்கான், வளர்ச்சி கிளினிக் ஒண்டையும் தவறவிடாதேங்கோ, இந்த அழற்சி மூளையையும் சுவாசப்பையையும் தொடக்கூடியது, நேரத்துக்குக் கண்டா கனக்கச் செய்யலாம்.

சுன்னாகம் அம்மா:
ஓம் அக்கா, ஊசி ரெண்டும் போட்டவை. நேர்ஸ் அக்கா சொன்னபடி இண்டைக்குக் கேட்டனான், 48இல இருந்தது 19க்கு வந்திட்டுதாம். இவருக்கு வாசிச்சுக் காட்டினன், அவர் மாமிக்கும் சொன்னவர். இப்பதான் கறந்து ரெண்டு எம்எல் குடுத்திட்டு வாறன், குழாயாலதான், வாயைச் சப்புக்கொட்டினவ.