செய்தி எழுதக் கற்றுக்கொடுத்தது ஆடியோ லேப்தான்

விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், வகுப்பு அனுபவத்தை இங்கே எழுதச் சொன்னதும் எல்லோரும் கேமராவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், ஆடியோ பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் படித்தேன். செய்தி எழுதுவதற்கென்று தனிப் பாடம் இருந்தது: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகள், முக்கியமானது முதலில், தேர்வில் பத்து மதிப்பெண். ஆனால் உண்மையில் எழுத வந்தது ஆடியோ லேபில்தான்.

லேப் எடுத்த மேடம் வானொலியில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர் வகுப்பில் ஒருவர் மைக்கில் செய்தியை ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் நோட்டை மூடிவிட்டுக் கேட்க வேண்டும், அப்புறம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யாராலும் திருப்பிச் சொல்ல முடியாத வரியை அவர் அடித்துவிடுவார், முக்கியமான தகவல் என்றால் வேறு மாதிரி எழுதச் சொல்வார். அவ்வளவுதான் முறை. அதைவிட நல்ல எடிட்டிங் பாடம் நான் பார்த்ததில்லை.

உதாரணத்துக்கு இந்த மாதிரி ஒரு வாக்கியம்: "மதுரையில் பெய்த கனமழை காரணமாக வைகை ஆற்றில் ஏற்பட்ட வெள்ளப்பெருக்கால் தரைப்பாலம் மூழ்கியதையடுத்து அவ்வழியே போக்குவரத்து நிறுத்தப்பட்டுள்ளதாக அதிகாரிகள் தெரிவித்துள்ளனர்." பேப்பரில் இது ஓடிவிடும், கண் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும். காதால் திரும்பிப் போக முடியாது. தமிழில் வினை கடைசியில் வருவதால் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் கேட்பவர் மழை, ஆறு, பாலம் எல்லாவற்றையும் மனதில் தூக்கிக்கொண்டே வர வேண்டும். யார் சொன்னது என்பது அதற்கும் பின்னால். மேடம் அதை உடைத்தார்: "மதுரை வைகை தரைப்பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. கனமழையால் ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் மூழ்கிவிட்டதாக அதிகாரிகள் சொல்கிறார்கள்." எண்களும் அப்படித்தான், 1,24,80,000 ரூபாய் என்று எழுதியிருந்தால் அவர் வாசிக்கச் சொல்வது "சுமார் ஒன்றேகால் கோடி". "மேற்கண்ட", "பின்வரும்" இரண்டுக்கும் லேபில் இடமே கிடையாது. காதுக்கு மேலே ஏது, கீழே ஏது?

ஆகாசவாணியில் சரோஜ் நாராயண்சுவாமி செய்தி வாசித்த காலத்துக் குரலை வீட்டில் பெரியவர்கள் புகழும்போது குரல்வளம் என்றுதான் நினைத்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியதும் அதில் பாதி என்று அந்த லேபில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

வெளியே போய்ப் பதிவு செய்யும் வேலைக்கு எனக்கு வந்தது கோயம்பேடு மார்க்கெட். வெங்காய வியாபாரி ஒருவர் பேசச் சம்மதித்தார், வாசலில் ஒரே லாரி ஹாரன். "உள்ளே வாம்மா" என்று மூட்டைகளுக்கு நடுவே கூட்டிப்போனார். அங்கே ஹெட்ஃபோனில் கேட்டால் அவர் குரல் மட்டும் அவ்வளவு தெளிவாக இருந்தது, சுற்றிலும் அடுக்கிய கோணி மூட்டை எதிரொலியைக் குடித்துவிடுகிறது. பேட்டி முடிந்ததும் யாரையும் பேச விடாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் தனியாக எடுத்தேன். எடிட்டில் பேச்சை வெட்டி ஒட்டிய இடம் தெரியாமல் மறைக்க அதுதான் உதவும். வெளியே சுமை தூக்குகிறவர்கள் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு போனதும் பதிவானது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் அதை முன்னால் வைத்ததும் "மார்க்கெட் பரபரப்பாக இயங்கிக்கொண்டிருந்தது" என்ற என் முதல் வரியை மேடம் நீக்கச் சொன்னார். சத்தம் சொன்னதை நீ ஏன் மறுபடி சொல்கிறாய் என்று கேட்டார். எந்த வரி தேவையில்லை என்பதை எழுத்துப் பாடம் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதே இல்லை.

மதுரையிலிருந்து ஒருவர் பதில்:

அக்கா, எங்கள் கல்லூரியில் சமுதாய வானொலி, அதாவது சுற்றுவட்டார மக்களுக்கான சின்ன எஃப்.எம். நிலையம், இருந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரியில் 90.4இல் தொடங்கியதே, அந்த மாதிரி. சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை, ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். ஆனால் குடிநீர், மின்தடை, தேர்வு, வானிலை போன்ற அறிவிப்புகள் சொல்லலாம். நாங்கள் எழுதப் பழகியது அதில்தான். மாநகராட்சி அறிவிப்பு வார்டு எண்ணோடு தொடங்கும், கேட்கிற அம்மாவுக்கு வார்டு எண் எங்கே நினைவிருக்கும்? முதலில் தெருப்பெயர், அப்புறம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை தண்ணீர் வராது, கடைசியில் மறுபடி தெருப்பெயர், ஏனென்றால் பாதியில் ரேடியோ பக்கம் வருகிறவர்களும் உண்டு. செய்திக்கு அனுமதி இல்லாதது இன்றும் எனக்கு வருத்தம்தான், ஊடகம் படிக்கிற பிள்ளைகள் தங்கள் ஊர்ச் செய்தியைச் சொல்ல முடியாதது நியாயமே இல்லை.

ராமநாதபுரத்திலிருந்து இன்னொருவர்:

வகுப்பில் எங்களைப் பாம்பன் கூட்டிப்போனார்கள், 2016இல் மீனவர்களுக்காகத் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலியைப் பார்க்க. அந்தப் பக்கம் படகுக்காரர் ஒருவரிடம் நான் எழுதி வைத்திருந்த வானிலை அறிவிப்பை வாசித்துக் காட்டினேன். காற்று வீசும் திசை அதில் வடகிழக்கு, கிழக்கு என்று இருந்தது. "வாடையா கொண்டலான்னு சொல்லுப்பா, வலை போடலாமா வேண்டாமான்னு அதுல தெரிஞ்சுடும்" என்றார். வாடை, கொண்டல் எல்லாம் காற்றுக்கு அவர்கள் சொல்லும் பெயர்கள். அன்றைக்கே திருத்தினேன். மேலே மேடம் செய்ததும் இதேதான் என்று படிக்கும்போது தோன்றியது, கேட்கிறவரிடமே கேட்டுத் திருத்துவது.

முதலில் எழுதியவள்தான் மறுபடி:

ரெக்கார்டர் இல்லாமல் போனிலேயே பழகலாமா என்று சிலர் எனக்குத் தனியாக எழுதிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள், நேராகப் பிடித்தால் "ப" வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். சத்தத்தின் அளவு காட்டும் ஆப் இருந்தால் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெலுக்குள் நிற்கட்டும், பூஜ்யத்தைத் தாண்டினால் சத்தம் சிதறிவிடும். குறைவாக எடுத்ததைப் பிறகு ஓரளவு உயர்த்தலாம், சிதறிப்போன சத்தத்தைச் சரிசெய்வது அநேகமாக முடியாது. ஹெட்ஃபோன் மட்டும் கட்டாயம், பதிவு செய்யும்போதே காதில் இருக்க வேண்டும். எழுதியதையும் அதே போனில் வாசித்து வீட்டில் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள், அவர் "என்ன சொன்னே?" என்று கேட்கிற இடத்தில் திருத்துங்கள்.