ஏற்காடு சாகசப் புத்தகம்: திறந்த உரிம விதிகளைச் சேர்த்து விற்கலாமா?

பகடைக்காரன், அஸ்தம்பட்டி:
ஏற்காட்டில் நடக்கும் சாகசம் ஒன்றை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கு ஏற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன். கொண்டை ஊசி வளைவில் வழிப்பறி, காப்பிக் கிடங்கில் புதிர், கரடிக் குகையில் ஆந்தைக்கரடி, கிளியூர் அருவிக்குப் பின்னால் பெஹோல்டர் என்ற பல கண் அரக்கன். செவ்வாய்ப்பேட்டையில் 40 பக்கமாக அச்சடித்து 150 ரூபாய்க்கு விற்க எண்ணம். ஆந்தைக்கரடியின் விவரம் அந்த விதிகளில் பொதுவில் விடப்பட்ட பகுதியான எஸ்.ஆர்.டி. 5.1 ஆவணத்திலிருந்து தமிழாக்கியது. ஒரு மந்திரம் மட்டும் வேறொரு பதிப்பாளரின் புத்தகத்தில் எடுத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் ஓ.ஜி.எல். 1.0ஏ என்ற பழைய திறந்த ஆட்ட உரிமம் இருக்கிறது. வம்பு வருமா? அச்சகத்துக்காரரைக் கேட்டால் அட்டைக்குப் பளபளப்பு வேண்டுமா என்று மட்டும்தான் கேட்கிறார்.

நாமமலைக் கிழவன்:
தாராளமாக விற்கலாம் தம்பி. ஆனால் பெஹோல்டரை இறக்கிவிடுங்கள்.

ஆந்தைக்கரடியில் சிக்கலே இல்லை. 2023 ஜனவரியில் பழைய ஓ.ஜி.எல்.-ஐ ரத்து செய்யப் பார்த்து, ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்த பிறகு, ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் எஸ்.ஆர்.டி. 5.1-ஐக் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பிடல் 4.0 உரிமத்தில் விட்டது. மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கலாம். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவும் முடியாது. அந்த ஆவணத்தின் தொடக்கத்திலேயே அவர்கள் தந்திருக்கும் அறிவிப்பு வாசகத்தை அப்படியே அச்சிடுங்கள். கீழே "தமிழாக்கி மாற்றியுள்ளேன்" என்று ஒரு வரி. அதற்கு மேல் நிறுவனத்துக்கு நன்றி மடல் வாசிக்க வேண்டாம். அவர்களே அதை விரும்பவில்லை. அட்டையில் "ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது" என்று போடலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரும் சின்னமும் வணிகக்குறி, அவற்றைத் தொடாதீர்கள்.

பெஹோல்டருக்கான விவரப் பட்டியல் எஸ்.ஆர்.டி.-யில் கிடையாது. மந்திரங்களிலும் கவனம்: மெல்ஃப், பிக்பி போன்ற மந்திரவாதிகளின் பெயரை உரித்துவிட்டு "அமில அம்பு", "மாயக் கை" என்கிற மாதிரிதான் வெளியிட்டிருக்கிறார்கள். எஸ்.ஆர்.டி.-யை விட்டு ஆட்டத்தின் மூல விதிநூலைப் பார்த்து எழுதினால் அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

அடுத்தது ஓ.ஜி.எல். மந்திரம். அந்தப் பதிப்பாளர் அதைத் திறந்த உள்ளடக்கம் என்று அறிவித்திருக்கிறாரா, பிறர் எடுக்கக் கூடாத தயாரிப்பு அடையாளம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். திறந்ததுதான் என்றால் உரிமத்தை முழுதாக அச்சிட வேண்டும். 15-ஆம் பிரிவில் அவருடைய பதிப்புரிமை வரிகளை எழுத்து மாறாமல் எடுத்தெழுதி, கடைசியில் உங்களுடையதைச் சேர்க்க வேண்டும். உங்கள் புத்தகத்தில் எந்தப் பகுதி திறந்தது என்றும் குறிக்க வேண்டும். ஒற்றை மந்திரத்துக்கு இத்தனை பாடா? பூனைக்குட்டி வாங்கப் போய் யானைக்கு லாயம் கட்டுவது போலிருக்கிறது. சொந்தமாக ஒன்று எழுதுங்கள். ஆடும் முறைக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன வாசகத்துக்குத்தான்.

மலைப்பாதை:
வரைபடம் எதை வைத்து வரைந்தீர்கள்? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் தளம் என்றால் அதன் பங்களிப்பாளர்களையும் ஓ.டி.பி.எல். என்ற அதன் தரவுத்தள உரிமத்தையும் புத்தகத்தில் குறிப்பிட வேண்டும். இணையத்தில் எடுத்த படங்களில் "வணிகமற்ற" என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். 150 ரூபாய் விலை வைத்தால் அது வணிகம்தான்.

பகடைக்காரன்:
நன்றி ஐயா. ஏரிக்கரை வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான், அறிவிப்பைச் சேர்த்துவிடுகிறேன். மந்திரத்தை நீக்கிவிட்டேன். அருவிக்குப் பின்னால் இனி நானே உருவாக்கிய பாறைப்பூதம். அதையும் கிரியேட்டிவ் காமன்ஸில் விடட்டுமா?

நாமமலைக் கிழவன்:
விடுங்கள். பூதத்தின் விவரப் பட்டியலை மட்டும் தனிப்பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டிக்குத்தான் உரிமம் என்று தெளிவாக எழுதுங்கள். கதையும் ஓவியமும் உங்களிடமே இருக்கட்டும்.