துலூஸ் பக்கம் அம்மாவோடு கிராமத்து நடை: எங்கே போகலாம்?

யீஷூன் மலர்:

வணக்கம். செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் பிரான்ஸ் போகிறோம். மகன் துலூஸில் ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் படிக்கிறான். அவனைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, ஊரைப் பார்த்த மாதிரியும் ஆச்சு. நான், வீட்டுக்காரர், என் அம்மா, மூன்று பேர்.

ஐஃபிள் கோபுரமெல்லாம் 2016லேயே டூர் பஸ்ஸில் பார்த்தாயிற்று. இறங்குங்க, போட்டோ எடுங்க, ஏறுங்க, அவ்வளவுதான். அந்தப் பயணத்தில் அம்மா இன்றைக்கும் பேசுவது ஒரே ஒரு காட்சியைப் பற்றித்தான். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு வாய்க்கால், இரண்டு கரையிலும் மரம், கக்கத்தில் நீளமான ரொட்டியை இடுக்கிக்கொண்டு நடந்து போன ஒரு பெரியவர். “அங்க இறக்கி விட்டிருந்தா நானும் கூட நடந்திருப்பேன்” என்பார். பிறந்தது திருவையாற்றுப் பக்கம். ஆற்றங்கரை என்றால் விட மாட்டார்.

அம்மாவுக்கு 71. தினமும் காலையில் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கக் கரையில் 4 கிலோமீட்டர் அசராமல் நடப்பார். ஆனால் படி இறங்கினால் வலது முட்டி பிடித்துக்கொள்ளும். கார் கிடையாது, ஏனென்றால் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் ஓட்ட பயம் (ஒத்துக்கொள்ள மாட்டார்). அம்மா சுத்த சைவம், முட்டை மட்டும் கேக்கில் இருந்தால் கண்டுகொள்ள மாட்டார். இன்னொன்று, புடவைதான் கட்டுவார், கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ.

இணையத்தில் தேடினால் ‘ஈஸி வாக்’ என்று போட்டுவிட்டு 16 கிலோமீட்டர் என்கிறார்கள். நிஜமாகப் போய் நடந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

நடராஜா சர்வீஸ்:

மலர், உங்க அம்மாவுக்கும் எனக்கும் மூணு வயசுதான் வித்தியாசம். அதனால தைரியமா சொல்றேன். நானும் வீட்டம்மாவும் 2023ல அதே பக்கம், அதே மாசம், கார் இல்லாம 12 நாள் சுத்தினோம்.

முதல்ல ஒண்ணு. கிலோமீட்டரைப் பார்க்காதீங்க, ஏத்த இறக்கத்தைப் பாருங்க. அந்தப் பக்கத்துல படத்துல அழகா தெரியிற பழைய ஊர் பாதி குன்று மேலதான் இருக்கு. எதிரி வந்தா தெரியணும்னு கட்டினது, நம்ம முட்டியை யோசிச்சுக் கட்டினதில்லை. அப்போ சமதரை எங்க? தண்ணி ஓரமா. அந்தக் காலத்துல சரக்குப் படகைக் கரையிலேர்ந்து கயிறு கட்டி இழுத்தாங்க, குதிரையும் ஆளுமா. அதுக்குன்னே கரையோரமா ஒரு பாதை. பாரம் இழுக்கிற குதிரைக்காகப் போட்ட பாதையில மேடு வைப்பாங்களா? இன்னிக்கு அதெல்லாம் நடைபாதை. படகு போன இடத்துக்கு உங்க அம்மாவும் போகலாம். இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டுத் தேடுங்க, தப்பாது.

எங்களுக்குப் பிடிச்சது முவாஸாக். துலூஸ்லேர்ந்து ரயில்ல ஒரு மணி நேரம் போல, சில வண்டிக்கு மோன்தோபான்ல மாறணும். ஊர் நடுவுலயே கால்வாய். முதல்ல அங்க இருக்கிற பழைய கிறிஸ்தவ மடத்துக்குப் போங்க. 1100ல முடிச்ச தாழ்வாரம், 76 தூண் தலைப்பு, அத்தனையிலும் செதுக்கு வேலை. வீட்டம்மா ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்துட்டுத்தான் நகர்ந்தாங்க. அதை ஒட்டியே ரயில் ஓடும். பாதை போடறப்போ மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தை இடிச்சிட்டாங்க, தாழ்வாரம் மயிரிழையில தப்பிச்சுதாம்.

அங்கேர்ந்து கால்வாய்க் கரையைப் பிடிச்சு கிழக்கே ரெண்டு கிலோமீட்டர் போல நடந்தா காக்கோர் பாலம். 356 மீட்டர் நீளம். கீழே தார்ன் ஆறு ஓடுது, மேலே பாலத்துல கால்வாய் ஓடுது, கால்வாயில படகு போகுது. நாங்க நின்னப்போ ஒருத்தர் படகு மேல நாற்காலி போட்டு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கிட்டே ஆத்தைத் தாண்டிப் போனார். போக வர மொத்தம் நாலஞ்சு கிலோமீட்டர், ஒரு படி கிடையாது. சைக்கிள் மட்டும் பின்னாலேர்ந்து சத்தமில்லாம வரும், அம்மாவை ஓரமா நடக்கச் சொல்லுங்க.

செப்டம்பர்னா அங்க ஷாஸ்லா திராட்சை சீசன். சின்னச் சின்னதா, வெயில் பட்ட இடம் தங்க நிறத்துல இருக்கும். முஸ்தபா கடையில கிடைக்கிற பெரிய திராட்சையை நெனச்சுக்கிட்டு வாங்காதீங்க, இது வேற. தோல் மெல்லிசு, ஒரு கொத்து வாங்கி கால்வாய் ஓரத்துப் பெஞ்சுல உக்காந்தா எழுந்திருக்க மனசு வராது.

அடுத்தது காஓர். துலூஸ்லேர்ந்து ரயில்ல ஒன்றரை மணி நேரத்துக்குள்ள. லொட் ஆறு ஊரை மூணு பக்கமும் வளைச்சுக்கிட்டு ஓடுது. வாலாந்த்ரே பாலம் 14ஆம் நூற்றாண்டு, மேல மூணு கோபுரம். கட்டினவன் பிசாசுகிட்ட ஆத்மாவை அடகு வெச்சு வேலை வாங்கினானாம், கடைசியில சல்லடையில தண்ணி மொண்டு வரச் சொல்லி ஏமாத்திட்டானாம். 1879ல பழுது பார்த்த கட்டடக்காரர் நடுக் கோபுரத்துல ஒரு குட்டிப் பிசாசைச் செதுக்கி வெச்சிட்டுப் போயிருக்கார். மகனை விட்டுத் தேடச் சொல்லுங்க. புதன், சனி காலையில தேவாலயத்து முன்னால சந்தை. எங்களுக்கு அது தேக்கா ஈரச்சந்தை மாதிரி, ஈரம் மட்டும் இல்லை.

மூணாவது, காஓர்லேர்ந்து ஃபிஜாக் போற பஸ்ல ஏறி பூஸியேஸ்ல இறங்கி ஆத்தோரமா சான்-சிர்க்-லாபோப்பிக்கு நடக்கிறது. வழியில ஒரு இடத்துல மலை ஆத்துக்குள்ள செங்குத்தா இறங்குது. பாதை போட இடமில்லாம 19ஆம் நூற்றாண்டுல பாறையையே குடைஞ்சிருக்காங்க. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை தலைக்கு மேல குடை மாதிரி, இன்னொரு பக்கம் பச்சைத் தண்ணி. கையை வெச்சுப் பார்த்தேன், வெளியில அவ்வளவு வெயில், பாறை ஜில்லுனு இருந்துது. இது முதல் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்குள்ளயே வந்துடும். அம்மா அதைப் பார்த்துட்டுத் திரும்பிடட்டும். சான்-சிர்க் வரைக்கும் போனா மொத்தம் நாலஞ்சு கிலோமீட்டர், கடைசியில ஊர் ஆத்துலேர்ந்து 100 மீட்டர் உசரத்துல இருக்கு. நம்ம புளோக் கணக்குல முப்பது மாடிக்கு மேல. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் நான். மேல போய்ச் சேர்ந்ததும் இங்க ஒண்ணு போட்டா எத்தனை பேர் கும்பிடுவாங்கன்னுதான் தோணுச்சு. இறங்குறப்போ உருளைக்கல் பதிச்ச தெரு வேற, உங்க அம்மா முட்டிக்கு வேண்டவே வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னால காஓர் சுற்றுலா அலுவலகத்துல பாதை திறந்திருக்கான்னு கேட்டுக்குங்க. பாறை விழும் இடம், வெள்ளமும் வரும்.

இப்போ நான் பட்ட பாடு. பஸ் அட்டவணையில 3:40ன்னு போட்டிருந்தது, கீழே பொடி எழுத்துல ஏதோ இருந்தது. நான் கண்ணாடியைப் பையில வெச்சிட்டேன். அது பள்ளிக்கூட நாள்ல மட்டும் ஓடுற வண்டியாம். அன்னிக்கு விடுமுறை. ரெண்டேகால் மணி நேரம் ரோட்டோரம். அந்த ஊர்ல இருந்த ஒரே கடையும் பூட்டு. பையில நாலு பிஸ்கட். வீட்டம்மா ரெண்டை என்கிட்ட குடுத்துட்டு, அடுத்த பஸ் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. பள்ளி நாளா, ஞாயிறா, கீழே என்ன எழுதியிருக்குன்னு மகனை விட்டுப் படிக்கச் சொல்லுங்க.

தண்ணிக்கு ஒரு வழி இருக்கு. கிராமத்துல கடை இல்லாட்டியும் கல்லறைத் தோட்டம் இருக்கும், பூச்செடிக்கு ஊத்த உள்ள குழாய் இருக்கும். நடக்கிறவங்க எல்லாரும் அங்கதான் பாட்டிலை நிரப்பிக்கிறாங்க. ‘நோன் போத்தாப்ளு’ன்னு போட்டிருந்தா மட்டும் குடிக்கக் கூடாது. எங்க வீட்டுல வாசல்லயே நின்னுட்டாங்க. நான் நிரப்பிட்டு வந்த தண்ணியைக் குடிச்சாங்க, ஆனா ராத்திரி ரூமுக்கு வந்ததும் தலைக்குக் குளிச்சாங்க.

புடவை கால்வாய்ப் பக்கம் தாராளமா கட்டலாம். பூஸியேஸ் பக்கம் முள்ளுச்செடி இருக்கு, அன்னிக்கு மட்டும் சல்வார்.

சாம்பார் பொடி:

மலர், சாப்பாட்டு விஷயத்தில் நான் ஒரு தடவை ஏமாந்திருக்கேன், நீங்க ஏமாறாதீங்க. அந்த வட்டாரத்தில் ‘பொம் சார்லாதேஸ்’ என்று பூண்டு, பார்ஸ்லி போட்டு உருளைக்கிழங்கு வறுவல் வரும். வாசனையே ஆளைத் தூக்கும். பாதி தட்டு காலியான பிறகுதான் கேட்டேன், வாத்துக் கொழுப்பில் வறுத்ததாம். காய்தானே என்று எதையும் நம்பாதீங்க, ‘எதில் வறுத்தீங்க’ என்று கேளுங்க.

ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் அதிலும் சில இடத்தில் பன்றி இறைச்சித் துண்டு தூவுவாங்க. சூடான ரொட்டி, வெண்ணெய், தக்காளி, ரொக்கமதூர் என்று உள்ளங்கை அளவுக்கும் சின்ன சீஸ் வட்டம், இது போதும் எங்க அம்மாவுக்கு. கூட வீட்டிலிருந்து பருப்புப்பொடி, ஒரு சின்ன பாட்டில் ஊறுகாய். சீஸ் மேல எலுமிச்சை ஊறுகாயைத் தடவி ரொட்டியில் வைத்துக் கடித்த பிறகு அம்மா ஹோட்டல் பக்கமே வரலை.

முக்கியமா நேரம். மதியம் 12க்கு உட்காரணும். இரண்டு மணிக்குப் போனால் அடுப்பை அணைச்சிருப்பாங்க. நம்ம ஊர் ஹாக்கர் சென்டர் நினைப்பில் மூன்று மணிக்குப் பசித்தால் யாரும் பொறுப்பில்லை. திங்கள்கிழமை நிறைய கடை லீவு.

தெம்பனிஸ் பாலா:

பதிமூணு மணி நேரம் பிளேன்ல போய் வாய்க்கால் ஓரமா நடக்கணுமா? நம்ம ஊர்லயே பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கின ரயில் காரிடர் 24 கிலோமீட்டர் இருக்கு, நிழல் இருக்கு, நடந்து முடிச்சா பராட்டாவும் இருக்கு. 😄

நடராஜா சர்வீஸ்:

பாலா தம்பி, ரயில் காரிடர்ல நான் வாராவாரம் நடக்கிறேன். பத்து நிமிஷத்துல சட்டை பிழியிற மாதிரி ஆயிடும். அங்க மூணு மணி நேரம் நடந்தும் கர்ச்சீப் பையிலயே இருந்துது. அதுக்குத்தான் டிக்கெட் காசு.

பாண்டிக்காரி:

மலர் அக்கா, எங்க சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டையர் ஆகி மோன்தோபான் பக்கம்தான் செட்டில் ஆகியிருக்கார், அடிக்கடி போவேன். அண்ணன் சொன்னது சரி. காட்டுப் பாதையைப் பத்தி மட்டும் நான் சொல்றேன்.

நீங்க போற நேரம் வேட்டை சீசன் ஆரம்பிச்சிருக்கும், பிப்ரவரி கடைசி வரைக்கும் போகும். மரங்களுக்கு நடுவில் ‘ஷாஸ் ஆன் கூர்’ (வேட்டை நடக்குது) என்று பலகை வெச்சிருந்தா அந்தப் பாதையில போகாதீங்க, திரும்பிடுங்க. ஞாயிற்றுக்கிழமை காட்டை விட்டுட்டு கால்வாய்ப் பக்கம் போறது நல்லது. ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மேல்சட்டை இங்கேயே டெக்கத்லான்ல வாங்கிக்குங்க. புடவைக்கு மேல போட்டா அம்மா திட்டுவாங்க, பரவாயில்லை. புல்லுல நடந்துட்டு வந்தா கணுக்கால், முட்டிக்குப் பின்பக்கம் உண்ணி ஒட்டியிருக்கான்னு ராத்திரி பார்த்துடுங்க.

வழி தவற மாட்டீங்க. மரத்துல, மின்கம்பத்துல, கல்லுல பெயின்ட் கோடு இருக்கும். மஞ்சள் ஒத்தைக் கோடு உள்ளூர்ச் சின்ன நடை, பெரும்பாலும் சுத்தி வந்து கிளம்பின இடத்துலயே விடும். வெள்ளையும் சிவப்பும்னா நெடுந்தூரப் பாதை, அதை விடாம பிடிச்சா ஸ்பெயினுக்கே போயிடலாம். பெருக்கல் குறி போட்டிருந்தா அந்தப் பக்கம் இல்லைன்னு அர்த்தம்.

நிலத்துல விழுந்து கிடக்கிற வால்நட்டைப் பார்த்தா அம்மாவுக்குக் கை பரபரக்கும். அது தோட்டக்காரருடையது, எடுக்கக் கூடாது. ஆள் நின்னா ‘போன்ஜூர்’ சொல்லிட்டுக் கேளுங்க, அவங்களே மடி நிறையக் குடுப்பாங்க. போன்ஜூர் சொல்லாம ‘எக்ஸ்கியூஸ் மீ’ன்னு ஆரம்பிச்சா மட்டும் முகம் மாறிடும். கடை, பஸ், ஒத்தையடிப் பாதை, எங்கேயும் முதல் வார்த்தை அதுதான்.

யீஷூன் மலர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முவாஸாக்கில் இரண்டு ராத்திரி தங்குவதாக முடிவு. பூஸியேஸில் பாறை வரைக்கும் அம்மாவோடு நான் போய்த் திரும்பிவிடுவேன், மேலே ஏறுவது அப்பாவும் மகனும். ஊறுகாய் இப்போதே லிஸ்டில் ஏறிவிட்டது. ஆரஞ்சு சட்டைக்கு அம்மா “ரோடு போடறவங்க மாதிரி இருக்குமே” என்றார், ஆனால் மறுக்கவில்லை.

கல்லறைத் தண்ணீர் பற்றிச் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன். “திருவையாத்துல சுடுகாட்டைத் தாண்டித்தான் படித்துறைக்குப் போவோம், தண்ணிக்கு என்ன தீட்டு” என்று சொல்லிவிட்டார். அண்ணே, உங்க வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மா கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்று: அந்தக் கிராமங்களில் நாய் கட்டிப் போட்டிருப்பார்களா?

நடராஜா சர்வீஸ்:

பெரும்பாலும் வேலிக்குள்ள இருக்கும், குரைக்கிறதோட சரி. முவாஸாக்ல ஒண்ணு மட்டும் அவுத்து விட்டது, கால்வாய்க் கரையில எங்க பின்னாலயே பாலம் வரைக்கும் வந்துது. வீட்டம்மா வாங்கின ரொட்டியில பாதி அதுக்குத்தான் போச்சு. அம்மாகிட்ட ஒரு ரொட்டி கூடவே வாங்கிக்கச் சொல்லுங்க.