மேட்டுத்தோட்டம் குடும்பக் குழு

தம்பி (காலை 6:40): பால் கறக்கும் மெஷின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். தவணைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பெரியப்பா: கறவையில் இருப்பதே ரெண்டு மாடு. அதுக்கு மெஷினா கண்ணு? தீவனக் கடை பாக்கியைக் கட்டியாச்சா?

தம்பி: இல்லைங்க பெரியப்பா. அதுதான் புரியவே இல்லை. 4 மாட்டுக்கும் ஒரு நாளைக்கு மும்மூணு கிலோ. மாசம் 360 கிலோ, 7 மூட்டை சொச்சம்தான் ஆகணும். 9 மூட்டை தாண்டிப் போகிறது. எலி தின்கிறதோ என்னவோ.

நான்: மாசம் 2 மூட்டை தின்கிற எலியை ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா 😂

அத்தை: எதில் அளக்கிறாய்?

தம்பி: பழைய பெயிண்ட் டப்பாவில் அத்தை. ஒரு டப்பா ஒரு கிலோ.

அத்தை: எடை போட்டுப் பார்த்தாயா? நீ குமிச்சு அள்ளுகிற ஆள்.

தம்பி (7:15): 1 கிலோ 300 கிராம் 🙈

அத்தை: எலி சிக்கிடுச்சு.

பெரியப்பா: டப்பா மட்டுமில்லை சாமி, எல்லாத்துக்கும் ஒரே அளவு வைப்பதே தப்பு. உடம்புக்கு ஒன்றரைக் கிலோ. அதுக்கு மேல் ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. ஜெர்சி 10 லிட்டர் கறக்குது, அதுக்கு ஐந்தரை வேணும். கருப்பி 5 லிட்டர், மூன்றரை போதும். மயிலை வத்திப்போய் சும்மாதானே நிற்குது? கொறங்காட்டு மேய்ச்சலுக்கு ஓட்டு. ஐப்பசி மழைக்குக் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. அதை மேய்கிற காங்கயம் மாட்டுக்கு மூட்டைத் தீவனம் எதுக்கு?

தம்பி: அப்போ ஜெர்சிக்கு இத்தனை நாளும் குறைச்சலாத்தான் வைத்திருக்கிறேன்.

அத்தை: பில்லையை மறந்துடாதே. எட்டு மாசச் சினை. பால் இல்லைன்னு குறைக்காமல், ஒன்றரைக்கு மேல் இன்னொரு ஒன்றரை வை.

தம்பி: அப்படின்னா ஒரு நாளைக்கு 12 கிலோ. இப்போ 15.6 போகிறது. மாசம் 108 கிலோ மிச்சம்! ஆனால் கொறங்காட்டில் மேற்குக் கிளுவை வேலி ஒரு இடத்தில் பட்டுப்போய்க் கிடக்கிறது. கம்பி வேலிக்கு விலை கேட்கட்டுமா?

பெரியப்பா: கம்பியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நம்ம வேலியிலேயே கிளுவைக் கிளை வெட்டி நடு. அது தழையும்வரை நாலு கட்டு வேலமுள் போட்டு அடை. அதை இன்றைக்கே செய். அந்தப் பக்கம் இளஞ்சோளம். பூக்கும் முன்னால் மாடு வாய் வைத்தால் விஷம்.

தம்பி: சரிங்க. அப்புறம் அந்த மெஷின்...

அத்தை: முதலில் டப்பாவில் ஒரு கிலோவுக்குக் கோடு போடு.

தம்பி (மாலை 5:50): ஆணியால் கீறிட்டேன். முள்ளும் அடைத்தாச்சு. மயிலை காடு மேய்ந்து வந்து, காலித் தொட்டியை நக்கிட்டு என்னையே பார்க்கிறது.