பழைய ஸ்பிளெண்டர் சூடேறியதும் இழுக்கவில்லை: போர் அடிப்பதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

வடமராட்சி வாசி:

வணக்கம். எங்கள் வீட்டில் 1999ஆம் ஆண்டு வாங்கிய ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டரில் நாள்தோறும் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். நான்காவது கியரில் எழுபது கிலோமீற்றர் வேகத்தைச் சிரமமின்றி எட்டிய வண்டி, சில மாதங்களாக ஐம்பதைத் தாண்டத் தயங்குகிறது. காலையில் முதல் உதையிலேயே எஞ்சின் இயங்கிவிடுகிறது. நின்ற நிலையிலும் சீராக ஓடுகிறது. நெல்லியடியைக் கடந்து வல்லை வெளியை அடையும்போது, அதாவது எஞ்சின் நன்கு சூடேறிய பின்னர்தான், அக்சிலேற்றரை எவ்வளவு முறுக்கினாலும் இழுவை கூடுவதில்லை. நீலப் புகை இல்லை, ஒயிலும் குறையவில்லை. பிளக்கை மாற்றி, காபரேற்றரையும் கழற்றித் துப்புரவு செய்தாயிற்று. கராச்சில் காட்டியபோது, சிலிண்டரைப் போர் அடித்து, அதாவது அதன் உட்சுவரைச் சற்று அகலமாகக் கடைந்து, புதிய பிஸ்ரன் போட வேண்டும் என்கிறார்கள். எஞ்சினைப் பிரிக்காமலே காரணத்தை அறிய வழி உண்டா?

கோப்பாய்ச் சந்தி:

தம்பி, நீலப் புகையும் இல்லாமல், ஒயிலும் குறையாமல் இருக்கும் எஞ்சினுக்குப் போர் அடிக்க ஏன் இவ்வளவு அவசரம்? இந்த எஞ்சினுக்குக் கூடுதல் அளவுப் பிஸ்ரன்கள் 0.25 மில்லிமீற்றர் படியாகத்தான் வருகின்றன, 1.00 மில்லிமீற்றருடன் அந்த வரிசை முடிந்துவிடும். தேவையில்லாமல் ஒருமுறை போர் அடித்தால், பழைய வண்டியின் மிச்ச ஆயுளில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டோம் என்பதே பொருள்.

எஞ்சினின் வலுவே குறைந்திருக்கிறதா, அல்லது உண்டாகும் வலு சில்லுக்குப் போய்ச் சேரவில்லையா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். வெறுமையான வீதியில் நான்காவது கியரில் நாற்பதில் செல்லும்போது அக்சிலேற்றரைச் சட்டென்று திறவுங்கள். எஞ்சினின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. இந்த வண்டியில் கிளச் தகடுகள் எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து சுழல்வதால், கார்களுக்கான ஒயிலை ஊற்றியிருந்தாலும் வழுக்கலாம்; இத்தகைய கிளச்சுக்கு ஏற்ற ஒயில் என்பதைக் காட்டும் ஜாசோ எம்.ஏ. (JASO MA) என்ற குறி போத்தலில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். பயணம் முடிந்தவுடன் பிரேக் டிரம் கை வைக்க முடியாதபடி சுடுமானால், பிரேக் கட்டை பிடித்துக்கொண்டே வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வீசும் மாதங்களில் பருத்தித்துறையிலிருந்து நகரை நோக்கி வருபவருக்கு வல்லை வெளியில் எதிர்க்காற்று கடுமையானது. நூறு சி.சி.க்கும் குறைந்த எஞ்சினுக்கு அது சிறிய சுமையன்று. ஆகவே மாலையில் திரும்பும்போதும் அதே குறை இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

பண்ணைப் பாலம்:

மேலே சொன்னவற்றோடு பெற்றோல் வழியையும் சோதியுங்கள். காபரேற்றரைத் துப்புரவு செய்துவிட்டதாலேயே பெற்றோல் போதியளவு வருகிறது என்று கொள்ள முடியாது. தாங்கி மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டால், சில கிலோமீற்றர் ஓடிய பின்னர் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் இறங்கத் தடுமாறும். வலு குறையும் இடத்திலேயே வண்டியை ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளிழுக்கும் ஒலி கேட்டு, அதன் பின்னர் வண்டி நன்றாக இழுத்தால் காரணம் அதுதான்.

அடுத்து, காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் உள்ள வடிகால் ஆணியைத் தளர்த்தி, பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். முதலில் நன்றாக ஓடிப் பின்னர் சொட்டாகக் குறைந்தால், தாங்கியின் அடியிலுள்ள பெற்றோல் திறப்பின் வடிகட்டியில் துரு அடைத்திருக்கலாம். உப்புக் காற்றுப் படும் எங்கள் ஊர்களில் பழைய தாங்கிகளின் உட்புறம் துருப்பிடிப்பது வழமை. தண்ணீர் கலந்திருந்தால் அதுவும் போத்தலின் அடியில் தனியாகத் தெரியும். வலு குறைந்த நிலையில் ஓடிக்கொண்டே, காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. இழுவை கூடினால் பெற்றோல் பற்றவில்லை. இன்னும் மோசமானால் பெற்றோல் தட்டுப்பாடு காரணமன்று.

வடமராட்சி வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. கிளச் வழுக்கவில்லை, பின்சில்லும் தடையின்றிச் சுற்றுகிறது. மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லை. பெற்றோல் தாராளமாகவும் தெளிவாகவும் வருகிறது. சோக்கை இழுத்தால் நிலைமை மோசமாகிறது. மாலையில் காற்று பின்னாலிருந்து தள்ளும்போதுகூட, சூடேறிய எஞ்சின் பழையபடி இழுக்கவில்லை.

பழைய கராச்:

ஐயா, நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்க்கும்போது, புகையை வெளியேற்றும் எக்ஸோஸ்ற் வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கும் றொக்கருக்கும் இடையிலுள்ள இடைவெளி குறைந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வால்வு இருக்கை காலப்போக்கில் தேய்ந்து வால்வு மேலேறும்போது இந்த எஞ்சினில் இடைவெளி சுருங்கும். சூட்டில் வால்வுத் தண்டு நீள்வதால், மிச்சமிருந்த சிறு இடைவெளியும் இல்லாமற் போய், வால்வு முழுமையாக மூடாது. அழுத்தம் கசியும், இருக்கையைத் தொட்டுச் சூட்டைக் கடத்த முடியாமல் வால்வின் ஓரமும் எரியத் தொடங்கும். இடைவெளி கூடிய வால்வு தட்டித் தட்டித் தன் குறையைச் சொல்லிவிடும். இறுகிய வால்வோ சத்தமே எழுப்பாது. சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளியைச் சரிசெய்யும் ரப்பெற்றை இறுக்கிக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது, அது எஞ்சினுக்குப் பெருங்கேடு.

இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில், காலையில் கிக் அடிப்பதற்கு முன்னரே பாருங்கள். பிஸ்ரன் உச்சியில் நிற்பதைக் காட்டும் காந்தச் சில்லின் டி (T) குறியை எஞ்சின் உறையிலுள்ள குறியோடு பொருத்தி, இரண்டு றொக்கர்களும் தளர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு 0.05 மில்லிமீற்றர் அளவுத் தகட்டை இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். தளராவிட்டால் சில்லை இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால் சைலன்சரைப் பாருங்கள். தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகளுக்கு ஹெட்டிலும் (சிலிண்டரின் மேல்மூடி) சைலன்சரிலும் கரி விரைவாகப் படிந்ததால், வலு குறைந்தால் முதலில் அங்கேதான் கை வைப்போம். உங்களுடைய வண்டி அதற்குப் பிந்தியது என்றாலும், துருவேறிய சைலன்சரின் உட்தகடு கழன்று புகை வழியை அடைத்துவிடுவதை இன்றைக்கும் காண்கிறேன்.

வடமராட்சி வாசி:

ஐயா, எக்ஸோஸ்ற் பக்கத்தில் 0.05 தகடு நுழையவே மறுத்தது. சரிசெய்த பின்னர் அறுபத்தைந்துவரை ஏறுகிறது, சூடேறினாலும் தளர்வதில்லை. பழைய வலு முழுமையாகத் திரும்பிவிட்டது என்று மட்டும் சொல்ல முடியவில்லை. இனி ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்குமா?

பழைய கராச்:

மகிழ்ச்சி. ஏறத்தாழ 500 கிலோமீற்றர் ஓடிய பின்னர் இடைவெளியை மீண்டும் அளவுங்கள். மாறாமல் இருந்தால் அப்படியே ஓடலாம். மறுபடியும் சுருங்கியிருந்தால் வால்வின் ஓரமோ இருக்கையோ ஏற்கெனவே கெட்டிருக்கிறது. அப்போது அழுத்தமானியைப் பொருத்தி, அக்சிலேற்றரை முழுமையாகத் திறந்து வைத்துக் கிக் அடித்து அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளவுங்கள். அழுத்தம் நன்றாக உயர்ந்தால் பிஸ்ரன் றிங் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்வு கசிகிறது. ஹெட்டை மட்டும் கழற்றி, வால்வையும் இருக்கையையும் சீர்செய்தால் போதும். ஹெட் கழற்றும் நாளில் நீங்களும் அருகில் இருந்து சிலிண்டரின் உட்சுவரைப் பாருங்கள். ஆழமான கீறல் இல்லாத சிலிண்டரை, அளவுகோலால் தேய்மானத்தை அளந்து காட்டாமல் போர் அடிக்கச் சம்மதிக்க வேண்டாம்.