சிறையிலிருந்து வந்தவர்கள் திரும்ப உள்ளே போகாமலிருக்க: கண்காணிப்பா, வேலையா?

புரசை வக்கீல்:
எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு மனு தயாரித்திருக்கிறது. புழல் சிறையிலிருந்து வெளியே வரும் எல்லோரும், எந்த வழக்காக இருந்தாலும், வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிறார்கள். நான் அதில் சேரவில்லை.

புழலில் கைதிகள் நடத்தும் பெட்ரோல் பங்கைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2023-இல் பெண் கைதிகளே நடத்தும் பங்கும் வந்தது. நல்ல திட்டங்கள். ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்கள் தண்டனைக் கைதிகள். போவதும் வருவதுமாக இருப்பவர்கள் வேறு. இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். செல்போன் பறிப்பு, அடிதடி, கஞ்சா. இவர்கள் விசாரணைக் கைதிகள், அதாவது வழக்கில் இன்னும் தீர்ப்பு வராமல் உள்ளே இருப்பவர்கள். 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் இப்படிப்பட்டவர்கள்தான். சிறைத் தொழிற்கூடங்கள் பெரும்பாலும் தண்டனை பெற்றவர்களுக்கானவை. இந்தப் பையன் மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருக்கிறான், பெரிய கேஸில் வந்தவர்களோடு பழகுகிறான், ஒரு நாள் சாயங்காலம் ஜாமீனில் வருகிறான். கேட்டுக்கு வெளியே யார் பைக்கோடு நிற்கிறார்களோ அவர்களோடு போகிறான். வாராவாரம் வாங்கும் கையெழுத்து இதை எப்படித் தடுக்கும்?

மாதவரம் ஹார்டுவேர்ஸ்:
சார், பைக்கோடு நிற்கிறவன் யார் என்று நீங்களே யோசியுங்கள். வக்கீல் வைத்தவன் அவன். ஜாமீன்தாரர்களைக் கூட்டி வந்தவனும் அவன்தான். அந்தக் கடனை அடைக்க அடுத்த வேலைக்குப் போயே ஆக வேண்டும். நீங்கள் மாதம் பதினைந்தாயிரத்துக்கு வேலை வாங்கிக் கொடுத்தால் அவன் விட்டுவிடுவானா?

என் அம்மாவிடம் செயின் பறித்தவன் அப்போது ஜாமீனில் இருந்தவன். கீழே விழுந்து தோள்பட்டை உடைந்தது. காலையில் கோயிலுக்குத் தனியாகப் போவதையே விட்டுவிட்டார். அவருக்கு மறுவாழ்வுத் திட்டம் என்ன இருக்கிறது? வாரம் ஒரு கையெழுத்துக் கேட்பது கொடுமை என்றால், இதற்கு என்ன பெயர்?

ஓய்வுபெற்ற காவலர்:
இரண்டு பேருமே எல்லோரையும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஸ்டேஷனில் ரவுடிகளுக்கான சரித்திரப் பதிவேடு இருக்கிறது, யார் எவ்வளவு ஆபத்தானவர் என்று பார்த்து ஏ பிளஸ், ஏ, பி, சி என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். கூலிக்கு வெட்டுகிற ஆளைக் கண்ணை எடுக்காமல் பார்க்கத்தான் வேண்டும். அவனுக்குத் தையல் மெஷின் கொடுத்துப் பயன் இல்லை, குண்டர் சட்டத்தில் ஒரு வருடம் உள்ளே வைத்தால் ஏரியா அந்த ஒரு வருடம் அமைதியாக இருக்கும். ஆனால் முதல் தடவை வந்த பையனையும் அதே வரிசையில் நிறுத்தினால், கையெழுத்து வாங்கவே ஆள் போதாது. நிஜமான ஆள் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடுவான்.

இனி ஒழுங்காக இருப்பேன் என்று நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவதும் முன்பு போல் இல்லை. அந்தப் பிணையை வாங்கக் காவல் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) அதிகாரம் கொடுத்த அரசாணைகளை 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. மனு எழுதுகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு எழுதட்டும்.

வியாசர்பாடி அக்கா:
என் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் ஒரு அடிதடி கேஸ். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. வாய்தாவுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. உணவு டெலிவரி வேலைக்குப் போனான், போலீஸ் சரிபார்ப்பில் நிலுவை வழக்கு என்று வந்தது, எடுக்கவில்லை. செக்யூரிட்டி வேலையும் அப்படித்தான் நின்றது. விநாயகர் ஊர்வலம், தேர்தல் என்று எது வந்தாலும் முந்தின இரவே வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கடைசியில் வழக்கில் விடுதலையானான். அதற்குப் பிறகும் தட்டினார்கள்.

அவன் தப்பித்ததற்கு ஒரே காரணம், தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஒன்றும் கேட்காமல் ஷெட்டில் சேர்த்துக்கொண்டார். கடைக்கார அண்ணா, உங்கள் அம்மா பட்டது பெரிய கஷ்டம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மனு என் தம்பிக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

புரசை வக்கீல்:
கடைக்காரர் சொன்ன கடன் விஷயம் முக்கியமானது. ஜாமீன் செலவை யார் ஏற்கிறார்களோ அவர்கள் கையில் பையன் போய்விடுகிறான். அப்படியானால் அந்தச் செலவை அரசு ஏற்கட்டும். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் 2023-இல் வந்தது. அப்போதைய விதிப்படி, விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதிக்கு அபராதத்துக்காக 25,000 வரையும் கட்டலாம் என்று இருந்தது. ஆனால் போதைப்பொருள் வழக்குகளுக்கு இது கிடையாது. சென்னைப் பையன்கள் பலர் சிக்குவது கஞ்சா வழக்கில் என்பதால், சிறிய அளவு வழக்குகளையாவது சேர்க்க வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் தவிர மற்றவற்றில், குற்றம் நிரூபணமானாலும் 21 வயதுக்குக் கீழே உள்ளவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. அனுப்பினால் நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு, இப்படிச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தீர்ப்பினால் தகுதியிழப்பு வரக் கூடாது என்கிறது. வேலைக்கு எடுக்கிற எத்தனை நிறுவனங்களுக்கு இது தெரியும்? இப்படி விடப்பட்டவர்களைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலர், பையன் உள்ளே இருக்கும்போதே போய்ப் பார்த்து, ஆதார் இருக்கிறதா, வீட்டில் சேர்ப்பார்களா, எங்கே வேலை என்று முடிவு செய்துவிட்டால், பைக்கோடு நிற்கிறவனுக்கு முன்னால் ஒரு அரசு ஆள் நிற்பார்.

மாதவரம் ஹார்டுவேர்ஸ்:
என் கடைக்கு லோடு இறக்க ஆள் தேவை, மறைக்கவில்லை. எடுப்பதற்கு முன் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: என்ன கேஸ், பிரச்சினை வந்தால் எந்த அலுவலரைக் கூப்பிடுவது. இந்த இரண்டையும் இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கடையை உடைத்த கேஸில் போனவனிடம் கல்லாச் சாவியைக் கொடு என்று யாரும் கேட்காதீர்கள்.

அக்கா, வழக்கில் விடுதலையானவர்களை மனுவிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானே சொல்கிறேன். ஆனால் ஜாமீனில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை விடமாட்டேன்.

வியாசர்பாடி அக்கா:
வேலைக்குப் போகிறவன் எத்தனை மணிக்குப் போய்க் கையெழுத்துப் போடுவது? ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரலாம் என்றாவது மனுவில் எழுதுங்கள் அண்ணா.