நெரிசலான கடைத்தெருவில் லாரியைப் பாதுகாப்பாகப் பின்னோக்கி எடுப்பது எப்படி?

கேள்வி: வைகைக்கரை ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் ஆறு சக்கர லாரி ஓட்டுகிறேன். கீழமாசி வீதியை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கும் பருப்புக் குடோனுக்கு அடிக்கடி மூட்டை இறக்க வேண்டியிருக்கிறது. நான் வழக்கமாக வரும் திசையில் குடோன் வாசல் இடப்புறம் அமைகிறது. வாசலின் அகலம் 12 அடி, வண்டியின் பாடி 8 அடி. தெருவின் இருபுறமும் இரு சக்கர வாகனங்கள் நிற்பது போக, நமக்குக் கிடைப்பது 25 அடிகூட இருக்காது. அந்த இடத்தில் வண்டியைக் குறுக்கே திருப்பிப் பின்பக்கமாக உள்ளே செலுத்த வேண்டும். அதற்குள் ஆட்டோக்களும் தள்ளுவண்டிகளும் இரு சக்கர வாகனங்களும் இருபுறமும் சேர்ந்துவிடுகின்றன.

வண்டி உரிமையாளர் அண்மையில் பின்புறம் கேமரா பொருத்திக் கொடுத்திருக்கிறார். இனிக் கிளீனர் தேவையில்லை என்பது அவருடைய எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அதைக் காரணத்தோடு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு ஐயமும் உண்டு. இடப்புறமாகவே எடுப்பது நல்லதா, அல்லது சுற்றிக்கொண்டு எதிர்த்திசையிலிருந்து வந்து, வாசல் என் பக்கமாகிய வலப்புறம் அமையும்படி எடுப்பது நல்லதா? நான்கு பக்க விளக்கும் மின்னிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் பைக்கை நுழைப்பவர்களை என்ன செய்வது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய ஸ்டியரிங்

தம்பி, ரிவர்ஸ் கியர் போடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாசலைக் கடந்து போகும்போதே வேகத்தைக் குறைத்து உள்ளே ஒரு பார்வை பாருங்கள். பிறகு ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி நடந்து பாருங்கள். நேற்றுத்தானே வந்தோம் என்று விட்டுவிடக் கூடாது. நேற்று இல்லாத ஜல்லிக்குவியலோ, புதிதாக இறக்கிய தகரச் சாய்ப்போ, யாரோ நிறுத்திவிட்டுப் போன சைக்கிளோ இன்று அங்கே இருக்கலாம்.

தரையைப் பார்ப்பவர்கள் குறைவு என்பதால் அதை அழுத்திச் சொல்கிறேன். 2018-இல் எடை வரம்பு உயர்த்தப்பட்ட பிறகு, நான்கு டயர் உள்ள பின் ஆக்சில் ஒன்று 11.5 டன் வரை தாங்கிச் செல்லலாம். பழைய கடைத்தெருக்களில் வாசலுக்கு முன்னால் சாக்கடையை மூடியிருக்கும் சிலாப் பலவும், மனிதர்களும் தள்ளுவண்டிகளும் போவதற்காகப் போடப்பட்டவை. அதன் மேல் பின் ஆக்சில் ஏறினால் சிலாப் உடைந்து வண்டி ஒரு பக்கமாகச் சாயும். சாயும் பக்கத்தில் சுவரோ ஆளோ இருந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த சிலாப் புதிது, எது விரிசல் விட்டது என்பது குடோன்காரருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள். அப்படியே அண்ணாந்தும் பாருங்கள். தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் பால்கனியும் பெயர்ப்பலகையும் பின்புறக் கேமராவில் தெரியவே தெரியாது.

அடுத்தது வண்டியின் மூக்கு. பின்பக்கம் இடப்புறம் போக வேண்டும் என்று ஸ்டியரிங்கை இடப்புறம் ஒடித்தால், வண்டி பின் ஆக்சிலை மையமாக வைத்துத் திரும்பும். அப்போது முன்பக்கம் வலப்புறமாக, அதாவது போக்குவரத்து இருக்கும் பக்கமாக, பெரிதாக வீசும். எல்லோருடைய கவனமும் பின்னால் இருக்கும் அந்தக் கணத்தில், முன் பம்பர்தான் ஆட்டோவின் பக்கவாட்டில் போய் உரசுகிறது. ஆகவே கண்ணாடி, பின்புறம், முன் வலது மூலை என்று பார்வை சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். (டிரெய்லர் ஓட்டுபவர்களுக்குக் கணக்கு வேறு; ஸ்டியரிங்கை ஒடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக டிரெய்லர் போகும். இங்கே நான் சொல்வது ஒற்றைப் பாடி லாரிக்கு மட்டும்.)

வேகம் நடந்து போகும் ஆளின் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. சமதரை என்றால் ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம், கிளட்சை மெல்ல விட்டால் வண்டி தானாக நகரும், கால் பிரேக்கின் மேல் இருக்கட்டும். சரிவான வாசலில் இஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். ஏர் பிரேக்குக்கு டேங்கில் மிச்சமிருக்கும் காற்றுதான் துணை, ஒவ்வொரு மிதிக்கும் அது குறையும். அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள். கோணம் தவறிவிட்டது என்று தோன்றியவுடன், அதைப் பின்னால் போய்க்கொண்டே சரிசெய்யப் பார்க்காமல், முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி வாருங்கள். சுற்றி நிற்பவர்கள் ஆரன் அடிக்கத்தான் செய்வார்கள், அடிக்கட்டும்.

பதில்: குடோன் மேற்பார்வையாளர்

நான் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வண்டிகள் உள்ளே வருவதையும் போவதையும் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். உரிமையாளரிடம் சொல்லக் காரணம் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, வேலை தொடர்பான வாகன விபத்து மரணங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது நேர்வதாகச் சொல்கிறது. ஒரு வண்டி ஒரு நாளில் ஓடும் தூரத்தில் பின்னோக்கிப் போவது எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பங்கு எவ்வளவு பெரிது என்பது அவருக்கே விளங்கும்.

கேமராவை நான் குறை சொல்லவில்லை. பின் கதவுக்கு அடியில் குனிந்து நிற்கும் ஆளையோ சிறு குழந்தையையோ எந்தக் கண்ணாடியும் காட்டாது, கேமரா காட்டும். ஆனால் அதன் வில்லை அகலமாகப் பார்ப்பதற்காக வளைந்திருப்பதால், தொலைவைச் சரியாகக் காட்டுவதில்லை. திரையில் தள்ளியிருப்பதாகத் தெரியும் சுவர் உண்மையில் அருகில் இருக்கும். மழைத்துளியும் சேறும் ஒட்டினால் அதுவும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடப்பக்கத்திலிருந்து இரண்டு நொடியில் நுழையப் போகும் பைக்கை அது முன்கூட்டிச் சொல்லாது. வருவதைப் பார்த்துக் கையை உயர்த்த ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நிற்க வேண்டிய இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். புதிய கிளீனர்களில் பலர் வண்டிக்கு நேர் பின்னால் நின்று, இரண்டு கைகளாலும் வா வா என்று அழைத்தபடி தாங்களும் பின்னால் நடப்பார்கள். அந்த நிலையில் அவர் தடுக்கி விழுந்தால், ஓட்டுநருக்குத் தெரிவதற்கு முன்பே சக்கரம் வந்துவிடும். குடோன் சுவருக்கும் வண்டிக்கும் இடையில் நிற்பதும் அதே அளவு ஆபத்தானது. பின் மூலைக்குச் சற்று வெளியே, பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணாடியில் முழு உருவமும் தெரியும் இடத்தில் அவர் நிற்க வேண்டும். கண்ணாடியில் அவர் மறைந்த நொடியில் வண்டியும் நிற்க வேண்டும். அவர் நிறுத்தச் சொன்னாரா இல்லையா என்று யோசிக்கவே கூடாது. இந்த ஒரு விதியை நீங்களும் அவரும் புறப்படும் முன்பே வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சைகை காட்டுவது ஒருவராக மட்டுமே இருக்கட்டும். கடைக்காரர், சுமை தூக்குபவர், டீ குடிக்க வந்தவர் என்று நான்கு பேர் சேர்ந்து ‘இன்னும் வரட்டும்’ என்பார்கள், அவர்களில் எவருக்கும் மறுமுனை தெரியாது. ஆனால் நிறுத்தச் சொல்லும் உரிமை மட்டும் எல்லோருக்கும் உண்டு. யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிட்டுப் பிறகு காரணத்தைக் கேளுங்கள். பாடியில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் வா என்று வைத்துக்கொண்டிருந்தால், சந்தை இரைச்சலில் அதை மட்டும் நம்ப வேண்டாம், கைச்சைகையும் சேரட்டும். விடியுமுன் இறக்குவதாக இருந்தால் கிளீனருக்கு ஒரு டார்ச் விளக்கும், ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டை வைத்த மேல்சட்டையும் வாங்கிக் கொடுங்கள்.

பதில்: ஷார்ஜா ரிட்டர்ன்

பழைய ஸ்டியரிங் அண்ணன் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். எந்தப் பக்கமாக எடுப்பது என்ற கேள்வியை அவர் தொடாததால் அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

நம் ஊரில் ஓட்டுநர் வலப்புறம் அமர்ந்திருக்கிறார். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் வலப் பின்சக்கரம் தரையில் எங்கே உருள்கிறது என்பதுவரை தெரியும். வண்டி இடப்புறம் திரும்பத் தொடங்கியதும் இடக் கண்ணாடியில் பாடியின் பக்கவாட்டுதான் நிறைந்திருக்கும், வாசலின் தூண் சற்று நேரம் பார்வையிலிருந்தே போய்விடும். வளைகுடா நாடுகளில் ஓட்டுநர் இடப்புறம் அமர்வதால் அங்கே வலப்பக்கம்தான் குருட்டுப் பக்கம். அங்கே பல ஆண்டுகள் ஓட்டித் திரும்பியவர்கள் இங்கே முதல் சில மாதங்களுக்கு இந்த வேறுபாட்டை வாய்விட்டுச் சொல்லி நினைவூட்டிக்கொள்வது நல்லது, கை பழைய பக்கத்துக்கே போகும்.

ஆகவே சுற்றி வந்து, வாசல் வலப்புறம் அமையும்படி எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். இடமும் கூடுதலாகக் கிடைக்கும், ஏனென்றால் நீங்கள் தெருவின் எதிர்ப்பாதியில் நிற்பதால், வாசலை நோக்கிப் பின்பக்கத்தை நல்ல கோணத்தில் திருப்ப முடியும். எதிரே வரும் வண்டிகளின் பாதையை மறிக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவை உங்கள் முன்கண்ணாடி வழியாகத் தெரிந்தே வருகின்றன. மூக்கு இப்போது இடப்புறம், நிறுத்தி வைத்த பைக்குகளின் பக்கம் வீசும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அந்தத் தெரு ஒருவழிப் பாதை என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்போது இடப் பின்மூலையில் ஆள் இல்லாமல் ஓர் அடிகூட நகரக் கூடாது.

பதில்: பழைய ஸ்டியரிங்

ஷார்ஜா தம்பி சொல்வது இரவு நேரத்துக்கும் அதிகாலைக்கும் முழுக்கச் சரி. கடை திறந்த பிறகு அப்படி எடுத்தால் தெருவின் இரண்டு திசையும் ஒரே நேரத்தில் அடைபடும், பொறுமை இழந்த பைக்குகள் கிடைத்த இடைவெளியில் எல்லாம் நுழையும். அந்த நேரத்தில் எனக்கு இடப்புறமே மேல் என்று படுகிறது, கண்ணாகச் செயல்படும் ஆள் இடப்பக்கம் நிற்கிறார் என்றால். பார்வை கிடைக்கும் பக்கத்தையும் தெருவின் கூட்டத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும். ஒரே விடை எல்லா வேளைக்கும் பொருந்தாது.

கேள்வி கேட்டவர்: வைகைக்கரை ஓட்டுநர்

மூவருக்கும் நன்றி. தெரு இருவழிதான், ஆகவே அதிகாலையில் வலப்புறமாக எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் கிளீனர் பின்மூலையில் நின்றால் தெருவைத் தடுக்க ஆள் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுச் சத்தம் வரும் ஆரன் இருக்கிறது, அதை யாரும் சட்டை செய்வதில்லை.

பதில்: போக்குவரத்துத் துறை ஓய்வு

முதலில் அந்தப் பாட்டு ஆரனை எடுத்துவிடுங்கள். பல ஒலிகள் மாறி மாறி வரும் ஆரனை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதி தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஊரெங்கும் கேட்கும் மெட்டு யாருடைய காதிலும் எச்சரிக்கையாக விழுவதில்லை. விட்டு விட்டு ஒலிக்கும் ஒற்றை ஒலி போதும். இரைச்சல் போன்ற ‘உஷ்’ ஒலி எழுப்பும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுகொள்ளும்.

இரண்டாவது ஆளைத் தர வேண்டியவர் சரக்கைப் பெறுபவர். வண்டி வரும் நேரத்தை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, வாசலுக்கு எதிரே நிற்கும் பைக்குகளை அகற்றி வைக்கவும், தெரு முனையில் ஒருவரை நிறுத்தவும் கேளுங்கள். அவர் காவலர் அல்லர், யாரையும் அதட்டி நிறுத்த முடியாது. கையெடுத்து ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்வதுதான் அவர் வேலை. அப்படியும் ஒருவர் நுழைந்தால் வண்டியை நிறுத்தி, அவர் முழுவதும் கடந்து போன பிறகு நகருங்கள்.

பின்னோக்கி எடுப்பதால் பிறருக்கு ஆபத்தோ வீண் இடையூறோ நேராது என்று உறுதி செய்துகொள்வதும், தேவைக்கு மேல் அப்படி ஓட்டாமலிருப்பதும் ஓட்டுநரின் கடமை என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளே சொல்லின. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் தருகிறது. முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அது இரண்டு ஆண்டாக இருந்தது. கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் உரிமையாளர், நீதிமன்றத்தில் முதலில் நிற்கப் போவது தம் ஓட்டுநர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆள் கிடைக்காத நாளில், அல்லது கடை திறந்து கூட்டம் சேர்ந்த பிறகு வந்து சேர நேர்ந்தால், லாரியை வெளியே அகலமான இடத்தில் நிறுத்திக்கொண்டு, டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிகளில் மூட்டையை மாற்றி அனுப்புவது பற்றிக் குடோன்காரரிடம் பேசி வையுங்கள். ஏற்றி இறக்கும் கூலி இரட்டிப்பாகும் என்பதால் எந்த நாளில் யார் அந்தச் செலவை ஏற்பது என்பதையும் வாடகை பேசும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும்போது அதைப் பேசத் தொடங்கினால், ‘எப்படியாவது உள்ளே விட்டுவிடு’ என்ற சொல்தான் மிஞ்சும்.